மனம் போல வாழ்வா?

தமிழ்நாட்டில் எந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் வாசலை ஒட்டி ஒரு வரிசை இருக்கும். வெற்றி, எண்ணம், தன்னம்பிக்கை, முன்னேற்றம், மகிழ்ச்சி என்ற ஐந்து சொற்களை மாற்றி மாற்றி அடுக்கினால் அந்த வரிசையிலுள்ள பாதி நூல்களின் பெயர்கள் கிடைத்துவிடும். மதுரைத் தமுக்கத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் நான் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நாவல்கள் இருக்கும் அலமாரியின் முன் நின்று புரட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறவர்கள், இந்த அலமாரியின் முன் வந்ததும் பணத்தை எடுக்கிறார்கள். நாவல் எழுதுகிறவன் இதைச் சொன்னால் பொறாமை என்பீர்கள். கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது.

இவ்வகை நூல்களை இலக்கிய விமரிசகர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பொழுது போகாதவன் படிக்கிற கதையை நாம் உரைத்துப் பார்க்கிறோம். வேலை போனவனும், பரீட்சையில் தவறியவனும், கணவனை இழந்தவளும் நடு இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிற புத்தகத்தை உரைத்துப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். துன்பத்தில் இருப்பவன் கையில் கொடுக்கப்படும் புத்தகத்துக்கு மருந்துக்குரிய பொறுப்பு உண்டு. அது என்ன சொல்கிறது, எந்த அளவுக்கு உண்மை, யாருக்கு ஏற்றது என்று கேட்பது விமரிசகனின் கடமைதான்.

தமிழில் இந்த வகை நூல் எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால், எதிர்பாராத ஓர் இடத்தில் போய் நிற்கிறோம். ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலன் 1903-ல் எழுதிய சிறு நூலொன்று தமிழில் 'மனம் போல வாழ்வு' என்ற பெயரில் 1909-ல் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. ஆம், கப்பலோட்டிய தமிழர்தாம். நூல் வெளிவந்த ஆண்டில் அவர் சிறையில் இருந்தார். பின்னர் ஆலனுடைய வேறு நூல்களையும் அவர் தமிழாக்கினார். 'அகமே புறம்' 1914-லும், 'வலிமைக்கு மார்க்கம்' 1916-லும், 'சாந்திக்கு மார்க்கம்' 1934-லும் வந்தன. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஒருவர் ஓர் ஆசிரியரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்றால் அது பொழுதுபோக்காக இருக்க முடியாது. 

ஆலனுடைய கொள்கை எளிமையானது. மனிதனுடைய எண்ணமே அவனுடைய குணம். குணமே அவனுடைய நிலைமை. உடல்நலம், காரிய சித்தி, மன அமைதி எல்லாம் உள்ளே விதைத்ததன் விளைவு. மனத்தை அவர் ஒரு தோட்டத்துக்கு ஒப்பிடுகிறார். களையைப் பிடுங்கி நல்ல விதை போட்டால் நல்லது விளையும். சும்மா விட்டால் களை மண்டும். இன்று வாசல் வரிசையில் இருக்கும் அத்தனை நூல்களும், காலையில் கைப்பேசியில் பூப்படத்தோடு வந்து விழும் வாசகங்களும், இந்தத் தோட்டத்திலிருந்து ஒடித்து நட்ட போத்துகள்தாம்.

இந்த உவமையை நான் கோச்சடையிலிருந்து பார்க்கிறேன். வைகையின் தென்கரையில், மேலக்கால் சாலையை ஒட்டிய எங்கள் ஊர் இன்று மாநகரத்தோடு சேர்ந்துவிட்டது. இந்தச் சமவெளியில் விவசாயம் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், களை எடுத்தால் விளையும் என்று சொல்லிப் பாருங்கள். "தண்ணீர்?" என்று கேட்பார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் கண்மாய் நிறையும்; கண்மாய் நிறைந்தால்தான் மடை திறக்கும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி மலைக்கு அந்தப் பக்கம் போன தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். 1959-ல் வைகை அணை வந்தது. அணையை எப்போது திறப்பது என்பது களை எடுக்கிறவன் கையில் இல்லை. கடைமடைக்காரன் எவ்வளவு சுத்தமாகக் களை எடுத்தாலும் தலைமடையில் தண்ணீர் நின்றுபோனால் அவன் பயிர் காயும். ஆண்டு முழுவதும் மழை தூறுகிற நாட்டில் பிறந்த ஆலனுக்குத் தோட்டத்தைப் பற்றி நினைத்தபோது தண்ணீரின் நினைவு வரவில்லை. வைகைக்கரைக்காரனுக்கு அதுதான் முதலில் வரும்.

களையெடுப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் வந்த ஆண்டில் களை எடுக்காதவனுக்கும் ஒன்றும் விளையாது. களையெடுப்பு மட்டுமே விளைச்சல் என்று சொல்வதில்தான் பிழை இருக்கிறது.

அந்தப் பிழை புத்தகத்துக்குள் இருக்கும் வரையில் பெரிய தீங்கில்லை. அது தெருவுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் தெருவில் லேத் வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஒரே பட்டறையில் பதினெட்டு வருஷம் உழைத்தவர். பட்டறை இருந்த இடத்துக்கு நல்ல விலை வந்தது. முதலாளி அதை மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டார். இவருக்கு வேலை போயிற்று. இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். மனிதன் இடிந்து உட்கார்ந்திருக்கிறானே என்று அவருடைய மச்சினன் ஒரு புத்தகத்தை வாங்கிக் கொடுத்தான். நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தான். ஒரு நாள் டீக்கடையில் அவர் அந்தப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, மூணு தடவ படிச்சுட்டேன். நான் எந்த எடத்துல தப்பா நெனச்சேன்னுதான் தெரியல" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தார். எண்ணம்தான் நிலைமையை உண்டாக்குகிறது என்றால், நிலைமை கெட்டிருக்கிறதே, அப்படியானால் எண்ணம் எங்கேயோ கெட்டிருக்க வேண்டுமே! கணக்குத் தப்பில்லை. புத்தகம் கொடுத்த சூத்திரத்தைத்தான் அவர் பின்பக்கமாகப் போட்டுப் பார்த்தார். நிலத்தின் விலை ஏறியது அவருடைய எண்ணத்தாலா? அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் இடமே இல்லை. வேலையை இழந்த மனிதனிடம் மிச்சமிருந்தது, தான் ஒழுங்காக வாழ்ந்தோம் என்ற நிம்மதி ஒன்றுதான். புத்தகம் அதையும் பறித்துக்கொண்டது.

இங்கே ஆலனுக்கு நியாயம் செய்ய வேண்டும். நேர்மையானவன் வறுமையிலும் நேர்மையற்றவன் செல்வத்திலும் இருப்பதை அவரும் கண்டார். நிலைமையைப் பற்றிய அத்தியாயத்தில் அந்தக் கேள்வியை அவரே எழுப்பிக்கொள்கிறார். அவர் தரும் விடை எனக்குத் திருப்தியளிக்கவில்லை. செல்வனிடம் வேறு ஏதோ நல்ல குணமும் ஏழையிடம் வேறு ஏதோ குறையும் இருக்கக்கூடும் என்பது வலிந்து தேடிய சமாதானம். ஆனால் அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் சொல்கிறார். ஒருவனுடைய வெளி வாழ்க்கையை மட்டும் பார்த்து அவன் உள்ளத்தின் நிலையை இன்னொருவன் தீர்மானித்துவிட முடியாது என்கிறார். நூலிலேயே முக்கியமான இடம் அதுதான் என்பது என் எண்ணம். புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்கிறவர்கள் தாண்டிப் போய்விடும் இடமும் அதுதான்.

ஆலன் யார் என்று பார்த்தால் இந்த இடத்தின் அருமை விளங்கும். அவர் 1864-ல் லெஸ்டர் நகரில் பிறந்தார். குடும்பம் நொடித்துப் போக, தகப்பனார் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போனார்; போன இடத்தில் கொலையுண்டார். பதினைந்து வயதுப் பையன் படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். கொலையுண்ட தகப்பன் எந்தத் தப்பான எண்ணத்தை நினைத்தான் என்று அந்தப் பையனிடம் யாரால் கேட்க முடியும்? 'நான் கலங்காமல் இருக்க வேண்டும், என் மனம் என் வசத்தில் இருக்க வேண்டும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு வாசகம் தேவைப்பட்டிருக்கும். ஆலனுடைய நூல்கள் அப்படிப் பிறந்தவை என்றே நான் கருதுகிறேன். 1912-ல் அவர் காலமானபோது, அவருடைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் இன்னும் சிறைக்குள் இருந்தார்.

இப்போது வ. உ. சி.யிடம் வருவோம். 1906-ல் பத்து லட்ச ரூபாய் மூலதனம் குறித்துச் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. 1908 மார்ச்சில் கைது. ஜூலையில் இரண்டு இருபதாண்டுக் கணக்கான தீவாந்தர தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் சணல் இயந்திரத்தைச் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிறகு மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் நடத்த உரிமையும் இல்லை. எண்ணத்தின் தூய்மையால் நிலைமை அமையுமென்றால், அந்த நூற்றாண்டின் தமிழ்நாட்டில் இவரைவிட நல்ல நிலைமைக்கு உரியவர் யார்?

வாழ்க்கை தினமும் பொய்யாக்கிக்கொண்டிருந்த ஒரு கொள்கையை அவர் ஏன் மொழிபெயர்த்தார்? 'வலிமைக்கு மார்க்கம்' வெளிவந்த 1916-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று கொடுத்தனுப்பிய 347 ரூபாய் 12 அணாவுக்காக அதற்கு முந்திய ஆண்டு முதல் காந்தியுடன் கடிதமெழுதிக் காத்திருந்தார். அந்தக் கடிதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து நூலாக்கியிருக்கிறார். படித்தவர்கள் அந்தத் தொகையை மறக்க மாட்டார்கள். சென்னையில் வீட்டுச் செலவுக்குத் திண்டாடிய ஒரு மனிதர் வலிமைக்கு வழி சொல்லும் நூலைத் தமிழில் கொடுத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இது வேடிக்கையாக இருக்கும். உள்ளே பார்த்தால் வேடிக்கை இல்லை.

நம் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூவிடம் உண்டு. வ. உ. சி. ஆலனைத் தன்மையில் படித்தார். 'என் நிலைமை என் எண்ணத்தின் விளைவு' என்று செக்கடியில் நிற்கிறவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால், சிறைக்காரனால் தொட முடியாத ஒரு மூலை தன்னிடம் இருக்கிறது என்பது அதற்குப் பொருள். அது பலம். அதே வாக்கியத்தைச் சிறைக்காரன் அவரிடம் முன்னிலையில் சொன்னால் அது கொடுமை. 'அவன் கஷ்டப்படுகிறான், அவன் எண்ணம் அப்படி' என்று பக்கத்து வீட்டுக்காரன் படர்க்கையில் சொன்னால் அது பொய். வாக்கியம் ஒன்றுதான், இடம் மாறினால் உண்மையே மாறிவிடுகிறது.

இது என் கற்பனை அல்ல என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி. சிறைக்குப் போவதற்கு முந்திய மாதம், 1908 பிப்ரவரியில், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அது ஹார்வி கம்பெனியின் ஆலை. எங்கள் கோச்சடைக்குக் கிழக்கே ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மதுரைக்காரர்களுக்குச் சோறு போட்ட ஹார்வி மில்லைத் தொடங்கியவர்களும் அவர்களே. அந்தத் தொழிலாளர்களிடம் வ. உ. சி., எண்ணத்தைத் திருத்துங்கள், நிலைமை திருந்தும் என்று சொல்லவில்லை. சுப்பிரமணிய சிவாவும் அவரும் கூட்டம் போட்டார்கள். பட்டினி கிடந்தவர்களுக்கு நிதி திரட்டினார்கள். முடிவில் கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. ஆலனை மொழிபெயர்த்த பிறகு அவர் மாறிவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. விடுதலைக்குப் பின் சென்னையிலும் கோயமுத்தூரிலும் மறுபடி தொழிலாளர் இயக்கத்தில்தான் இறங்கினார். தனக்கு மன உறுதி, பிறருக்குக் கூலி உயர்வு என்பது அவர் போட்டுக்கொண்ட கணக்கு. இன்று பலர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். கூலியைத் தாங்கள் வைத்துக்கொண்டு மன உறுதியைப் பிறருக்கு வழங்குகிறார்கள்.

இந்தத் தலைகீழ்க் கணக்கு நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. நியூயார்க் பாதிரியார் நார்மன் வின்சென்ட் பீல் 1952-ல் எழுதிய நூல் உலகமெங்கும் விற்றது. நல்லதையே நினை என்பது அதன் பிறகு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மார்பகப் புற்றுநோய் கண்ட அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக், சிகிச்சைக் காலத்தில் தனக்குக் கிடைத்த உபதேசங்களால் மனம் நொந்து 2009-ல் ஒரு நூல் எழுதினார். நோய் வந்ததே என்று கோபப்படக்கூட நோயாளிக்கு உரிமை இல்லை, சிரித்த முகத்தோடு இருந்தால்தான் பிழைக்கலாம் என்று சொல்கிறவர்களை அதில் ஒரு பிடி பிடித்தார். லேத் தொழிலாளி டீக்கடையில் சொன்ன ஒரு வரியைத்தான் அவர் விரித்து எழுதினார் என்று எனக்குத் தோன்றியது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மதுரைக்கு மனம் திருந்தி, புது நம்பிக்கையோடு வந்து சேர்ந்தவன் ஒருவன் இருக்கிறான். கையில் ஒரு சிலம்பு. பக்கத்தில் கோபிக்காத மனைவி. பழைய வாழ்க்கையை விட்டு வியாபாரத்தைத் தொடங்குவோம் என்ற தீர்மானம். இன்றைய நூல்கள் சொல்லும் அத்தனை லட்சணமும் அன்றைய காலையில் கோவலனிடம் இருந்தன. மாலைக்குள் அவன் வெட்டுண்டான். இளங்கோ அதற்கு ஊழ்வினையைக் காரணம் காட்டினார். ஆனால் கண்ணகியை அந்தக் காரணத்தோடு திருப்தியடைய விடவில்லை. அவள் நேரே அரசவைக்குப் போய் வழக்குரைத்தாள். அரசனும் தவறு தன்னுடையது என்று ஒப்பினான். என் கணவன் எங்கே தப்பாக நினைத்தான் என்று அவள் தேடிக்கொண்டிருந்திருந்தால் நமக்கு ஒரு காப்பியம் கிடைத்திருக்காது.

அப்படியானால் நல்ல மனப்பான்மை என்று ஒன்று வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும், மிகவும் வேண்டும். காலையில் எழுந்ததும் தண்ணீர் லாரி வரவில்லை, பையன் பரீட்சையில் தவறினான், மூட்டுவலி விடவில்லை என்ற இந்த வாழ்க்கையை மனத்தில் தெம்பில்லாமல் யாரால் நடத்த முடியும்? வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் கொடுத்தார். இரண்டும் உண்மை என்பதால் இரண்டையும் வைத்தார். அதையடுத்து இடுக்கண் அழியாமை என்ற அதிகாரத்தில், துன்பத்துக்கு அசையாதவனை வண்டியிழுக்கும் காளைக்கு ஒப்பிட்டார். காளை பாதையைத் தேர்ந்தெடுப்பதில்லை. சேறும் மேடும் அதன் எண்ணத்தால் வந்தவை அல்ல. வந்த இடத்தில் மூச்சுப் பிடித்து இழுக்கிறது, அவ்வளவே. காளையின் இடத்தில் நின்று செக்கிழுத்த மனிதர் 1935-ல் அறத்துப்பாலுக்கு உரையெழுதி வெளியிட்டார் என்பதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வ. உ. சி.யின் மனப்பான்மையை அவருடைய மொழிபெயர்ப்பைக் காட்டிலும் அவர் செய்த காரியங்களில்தான் நான் அதிகம் காண்கிறேன். கப்பல் போயிற்று, அவர் ஏடுகளை எடுத்து வைத்துக்கொண்டார். 1917-ல் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். வக்கீல் உரிமையைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சி தம்மைச் செக்கில் பூட்டியது என்பதற்காக, ஓர் ஆங்கிலேயர் செய்த நன்மையை மறக்கவில்லை. செய்யுளில் தம் சுயசரிதையை எழுதியபோது சிறைக்கொடுமைகளைப் பூசி மெழுகவும் இல்லை. பட்டதைப் பட்டபடியே வைத்தார். கொடுமையைக் கொடுமை என்று சொல்வதும் நல்ல மனப்பான்மைக்கு விரோதம் இல்லை என்று அந்தச் சுயசரிதையைப் படித்தால் தெரியும். 1936 நவம்பரில் அவர் காலமானபோதும் வறுமை அவரை விட்டுப் போகவில்லை. மனம் போல வாழ்வு அவருக்கு அமையவில்லை. வாழ்வு போல மனம் சுருங்காமல் பார்த்துக்கொண்டார்.

ஆகவே வாசல் வரிசைப் புத்தகங்களை வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்குங்கள், உங்களுக்காக வாங்குங்கள். 'மனம் போல வாழ்வு' இன்றும் கிடைக்கிறது, படிக்கத் தகுந்தது. படிக்கும்போது சிறைக்கம்பியை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் வேலை போன மைத்துனனுக்கோ, நோயில் கிடக்கும் சிநேகிதிக்கோ, பரீட்சையில் தவறிய பக்கத்து வீட்டுப் பையனுக்கோ அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் சற்று நில்லுங்கள். அவர்களுக்கு வேலை எங்கே காலியிருக்கிறது என்று விசாரித்துச் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகலாம். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கலாம். தெம்பு வந்த பிறகு அவர்களே புத்தகத்தைக் கேட்டால் அப்போது கொடுங்கள்.

எங்கள் தெரு நண்பர் இப்போது வேறோரிடத்தில் குறைந்த கூலிக்கு வேலைக்குப் போகிறார். அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவன், புத்தகம் வாங்கிக் கொடுத்த அதே மச்சினன்தான்.